பூட்டி வைத்த நாரைகள்

என் பீரோவின் மேல்தட்டில், மடித்த வேட்டிகளுக்கும் ஓய்வூதியக் கோப்புக்கும் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. கணினியில் செருகினால் அதன் ஓரத்தில் பச்சை விளக்கு ஒன்று எரியும். பிறகு கடவுச்சொல் கேட்கும். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. என் மைத்துனன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எடுத்த படங்களும் காணொளிகளும் அதற்குள் இருக்கின்றன. வாடிப்பட்டிப் பக்கத்துக் கண்மாய்களில் வந்து இறங்கிய நாரைகள், அரிவாள்மூக்கன்கள், நீர்க்காகங்கள் எல்லாம் அதில் அடைந்து கிடக்கின்றன. அவற்றை ஒருவராலும் திருட முடியாது. ஒருவராலும் பார்க்கவும் முடியாது. நானும் அந்த ஒருவரில் சேர்த்தி.

மைத்துனன் என் மனைவியின் தம்பி. பரவை மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்தான். லாரிச் சத்தத்துக்கும் மூட்டை தூக்குகிறவர்களின் கூச்சலுக்கும் மேலே பேசிப் பழகிய தொண்டை. கோச்சடையில் எங்கள் தெருமுனையில் அவன் யாரிடமாவது நலம் விசாரித்தால் எனக்கு வீட்டுக்குள் கேட்கும். சிரிப்பு அதைவிட மோசம். முதலில் ஒரு இழுப்பு, ஏதோ அடைத்துக்கொண்டது போல. பிறகு மொத்தமாகக் கொட்டும். என் மனைவிக்கும் அதே சிரிப்புதான்; அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வாள், இவன் பொத்தவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் நீதிமன்ற அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு மனுவில் முத்திரை வில்லை எங்கே ஒட்ட வேண்டும், இணைப்புகளை எந்த வரிசையில் அடுக்க வேண்டும், பிறகு அது எந்த மேசையில் எவ்வளவு காலம் உறங்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஓய்வு பெற்றபின் இந்த அறிவுக்கு வீட்டில் வேலை இருக்கவில்லை. மனைவி போனபின் வீட்டில் எந்த வேலையுமே இருக்கவில்லை. காரியங்கள் முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, மைத்துனன் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு ஹாரனை விடாமல் அடித்தான்.

"கெளம்புங்க மச்சான். கண்மாய்க்குப் போறோம்."

"எதுக்கு?"

"போட்டோ எடுக்கப் போறேன். வண்டிய நிறுத்திட்டு உள்ள போனா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான். நீங்க காவலுக்கு."

அந்த ஸ்கூட்டரை யாராவது தூக்கிக்கொண்டு போனால் மறுநாள் கொண்டுவந்து விட்டுவிட்டு மன்னிப்பும் கேட்பார்கள். அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் போனேன். அன்று முதல் முன்னாள் சிரஸ்தார் கண்மாய்க்கரையில் வண்டிக் காவலரானார். அவன் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்குவான். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களின் மேல் நாரைகள் கூடு கட்டியிருக்கும். நான் கரையில் குடையோடு நின்று குறை சொல்லிக்கொண்டிருப்பேன். வெயில் ஏறுகிறது, பசிக்கிறது, பறவைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன, போன வாரம் எடுத்ததையே இன்று எதற்கு எடுக்கிறாய். அவன் காணொளி எடுத்தால் அத்தனையும் அதில் பதிவாகும். "பறவைச் சத்தத்தைவிட உங்க சத்தந்தான் மச்சான் ஜாஸ்தி" என்பான்.

படங்களை அவன் இணையத்தில் போட ஆரம்பித்தபோது எனக்கு அதில் அக்கறை இல்லை. திருட்டு நடந்த பிறகுதான் அக்கறை வந்தது. வாடிப்பட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு காதணி விழாவுக்கான ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். காது குத்திக்கொள்ளப் போகும் குழந்தை நடுவில், தாய்மாமன்கள் கூலிங் கிளாஸோடு இரண்டு பக்கமும், அவர்கள் தலைக்கு மேலே வானம் நிறைய என் மைத்துனனின் நாரைகள். வண்டியை நிறுத்தச் சொன்னேன். கீழே அச்சிட்டிருந்த பெயரைப் பார்த்து ஃப்ளெக்ஸ் கடையைத் தேடிப் போனோம்.

"நெட்ல கெடந்துச்சுண்ணே" என்றார் கடைக்காரர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பஸ் ஸ்டாண்டுல பஸ் கெடக்குது. ஓட்டிட்டுப் போயிருவீங்களா?"

"டிரைவர் இல்லாம இருந்தா ஓட்டலாம்ணே."

பதிப்புரிமைச் சட்டத்தை நான் அவருக்கு விளக்கத் தொடங்கினேன். படத்தை எடுத்த கணத்திலேயே அது எடுத்தவனுக்குச் சொந்தம், பதிவு செய்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, அவன் ஆயுள் முழுவதும் சொந்தம், அவனுக்குப் பிறகு அறுபது ஆண்டுகள் வாரிசுகளுக்குச் சொந்தம் என்றேன். கடைக்காரர் இன்னொரு காதணி விழாவுக்கு மாமன்களின் நிறத்தை வெளுத்துக்கொண்டிருந்தார். நோட்டீஸ் என்ற சொல்லுக்கு நான் வந்து சேர்ந்தபோது பக்கத்தில் ஆளைக் காணோம். மைத்துனன் தெருவில் இருந்தான். ஃப்ளெக்ஸின் கீழே நின்று, நாரைகளும் தாய்மாமன்களும் தானும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

"கலரு நல்லா விழுந்திருக்குல்ல மச்சான்? இம்புட்டுப் பெருசா நானே பாத்ததில்ல."

திருட்டுக் கொடுத்தவன் திருட்டுப் பொருளோடு படம் எடுத்துக்கொண்ட வழக்கு என் பணிக்காலத்தில் ஒன்றுகூட வரவில்லை.

அன்றிலிருந்து பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். விதிகள் வகுத்தேன். இணையத்தில் போடும் படம் சிறிதாக இருக்க வேண்டும். பெரிதாக்கினால் கலங்க வேண்டும். படத்தின் நடுவில், பறவையின் மேலேயே, அவன் பெயர் வர வேண்டும். ஓரத்தில் போட்டால் கத்தரித்துவிடுவார்கள். மூலப்படம் எடுத்த தேதியோடு கறுப்புப் பெட்டிக்குள் போக வேண்டும். அதை யாருக்கும் அனுப்பக் கூடாது. செல்போனிலும் வைத்திருக்கக் கூடாது. காணொளியாக இருந்தால் ஒலியை நீக்கிவிட்டுத்தான் வெளியிட வேண்டும். கடைசி விதிக்கு அவன் காரணம் கேட்டான். அதில் என் குரல் இருக்கிறது, என் குரலுக்கு நான் உரிமையாளர், கண்மாய்க்கரையில் நின்று பசிக்கிறது என்று நான் புலம்புவதை உலகம் கேட்க எனக்குச் சம்மதமில்லை என்றேன்.

"அதுதான மச்சான் அதுல நல்ல பாகமே" என்றான். ஆனால் நீக்கினான்.

யாராவது எடுத்துப் போட்டால் புகார் அனுப்புவது என் வேலை. மூலத்தின் முகவரி, நகலின் முகவரி, உரிமையாளர் சார்பில் ஓர் உறுதிமொழி, கையொப்பம். அந்தப் படிவங்களை நிரப்புகையில் எனக்குப் பழைய மேசைக்கே திரும்பிவிட்டது போல இருக்கும். பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழிலிருந்து நாரையை இறக்க வைத்தேன். உரக்கடை நாள்காட்டியிலிருந்து அரிவாள்மூக்கனை இறக்க வைத்தேன். ஒவ்வொரு முறையும் அவனிடம் வெற்றிச் செய்தி சொன்னால், "பாவம் மச்சான், ஆசைப்பட்டு வச்சிருக்காய்ங்க" என்பான்.

பெட்டிக்குக் கடவுச்சொல் போட்ட நாளில் இதே கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். அது இல்லாமல் யாராலும், எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது என்று விளக்கினேன். ரகசியம் என்றால் ஒருவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும், இருவருக்குத் தெரிந்தால் அது செய்தி என்றும் சொன்னேன். அவன் கணினியைத் தன் பக்கம் திருப்பி, வெங்காயக் கறை படிந்த விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினான்.

"என்ன மாப்ள போட்ட?"

"அதெப்படிச் சொல்லுவேன்? ரூல் போட்டது யாரு?"

ஒரு இழுப்பு. பிறகு அந்தச் சிரிப்பு.

அதன்பின் வந்த மழைக்காலத்தில், மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பெட்டி என் வீட்டில் இருந்தது. திறக்கும் சொல் அவனோடு போய்விட்டது. அவன் மகன் பெங்களூரில் இந்தத் துறையிலேயே வேலை பார்க்கிறான். வந்து பார்த்துவிட்டு, "ரொம்ப நல்ல லாக் மாமா இது" என்றான். நான் எனக்குத் தோன்றிய பெயர்களை எல்லாம் தட்டிப் பார்த்தேன். கடைசியாக என் மனைவியின் பெயரைத் தட்டினேன். அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. இணையத்தில் அவன் பக்கம் இன்னும் இருக்கிறது. அங்கே நாரைகள் தபால்தலை அளவில், மார்பில் பெயரைச் சுமந்துகொண்டு, சத்தமே இல்லாமல் பறக்கின்றன. என் விதிகள் எல்லாம் சரியாக வேலை செய்கின்றன.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாரன் சத்தம் நின்றது. பேப்பரை விளம்பரங்கள் வரை படிக்கிறேன். பேச ஆள் இல்லாவிட்டால் குறை சொல்வதும் கடினம் என்று தெரிந்தது. வெயில் ஏறுகிறது என்று சுவரிடம் சொல்ல முடியாது.

சில மாதங்களுக்கு முன், சர்க்கரை அளவு பார்ப்பதற்காக ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காத்திருந்தேன். மேலே தொலைக்காட்சியில் மன அமைதிக்கான காணொளி என்று ஒன்று ஓடியது. புல்லாங்குழல் இசையோடு, கருவேல மரங்களிலிருந்து நாரைகள் கிளம்பிக்கொண்டிருந்தன. நடுவில் பெயர் இல்லை. படம் துல்லியமாக இருந்தது. மூன்றாவது மரம் சாய்ந்திருந்த விதத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் தலைப்பைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ரத்தம் கொடுத்த கையோடு வீட்டுக்கு வந்து தேடினேன். பின்வாங்க இடம் தராத புகார் ஒன்று மனதுக்குள் தயாராகிக்கொண்டிருந்தது.

காணொளியை முதலிலிருந்து ஓடவிட்டேன். புல்லாங்குழல் உடனே வரவில்லை. திருடியவனின் சோம்பேறித்தனமோ என்னவோ, இசை மெல்ல ஏறுவதற்கு முன்பு மூல ஒலி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. காற்று. நாரைகளின் அலகுச் சத்தம். பிறகு என் குரல், நான் நினைத்திருந்ததைவிடக் கிழடாக: "மாப்ள, வெயில் ஏறுது. கெளம்பு." அதைவிட மிக அருகில், செல்போனுக்குப் பின்னால் இருந்து, அவன் குரல்: "இருங்க மச்சான், இன்னும் ஒண்ணு வருது." ஒரு இழுப்பு. சிரிப்பு தொடங்கிக் கொட்டும்போதே புல்லாங்குழல் வந்து மூடிவிடுகிறது.

மூலத்தை அவன் யாருக்கோ அனுப்பியிருக்கிறான். அனுப்பவில்லை என்று என் முன்னால் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன். மண்டிக் கணக்கரைத் தொலைபேசியில் பிடித்தேன். "எங்க குரூப்ல எல்லாத்தையும் போடுவாருண்ணே, சத்தத்தோட. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு வேற சொல்லுவாரு" என்றார். அவர்களிடம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். "அப்பவே அழிச்சிட்டோம்ணே, போன் நெறஞ்சிருதுல்ல?" என்றார். அந்தக் குழுவிலிருந்து யாரோ யாருக்கோ அனுப்பி, அங்கிருந்து இந்தத் திருடனிடம் போயிருக்கிறது. நான் காப்பாற்றியதெல்லாம் பெட்டிக்குள் கிடக்க, அவன் விதி மீறிக் கசியவிட்ட இந்த ஒன்றுதான் சத்தத்தோடு மிஞ்சியிருக்கிறது.

உரிமை இப்போது மகனுடையது. அவனிடம் பேசினேன். "டவுன்லோடு பண்ணி வச்சுக்கிட்டு கம்ப்ளெய்ன்ட் குடுத்துருங்க மாமா" என்று சொல்லி, அன்றைக்கே அதிகாரக் கடிதமும் அனுப்பினான். புத்திசாலி. தரவிறக்கம் செய்தேன். படிவத்தை நிரப்பினேன். எந்தக் கட்டமும் காலியில்லை. அனுப்பும் பொத்தானுக்கு முன், நகலின் முகவரி சரியா என்று கடைசியாக ஒருமுறை பார்ப்பது என் வழக்கம். அதற்காகக் காணொளிக்குத் திரும்பினேன். கீழே அதைப் பார்த்தவர்கள் எழுதியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணைக்கு இருந்தபோது பார்த்தேன் என்று ஒருவர். அந்தச் சிரிப்புக்காகவே முதலில் இருந்து திரும்பத் திரும்பப் போடுகிறேன் என்று இன்னொருவர். புல்லாங்குழலை எடுத்துவிட்டு அந்த அண்ணனைச் சிரிக்க விடுங்கப்பா என்று ஒருவர். அவர்களுக்கு நடுவில் ஒரு கேள்வி, பதில் இல்லாமல்: "அந்த மச்சான் யாருப்பா? சரியான சிடுமூஞ்சியா இருப்பாரு போல."

படிவம் நிரப்பிய நிலையிலேயே இருக்கிறது. மேல்நடவடிக்கை தேவையில்லை என்று பழைய நாட்களில் எழுதிக் கோப்பை மூடுவோம். அப்படி எழுத இதில் கட்டம் இல்லை. தரவிறக்கிய காணொளியை இன்னொரு பெட்டியில் போட்டுப் பூட்டலாம்தான். இந்த வீட்டில் அதைக் கேட்க நான் ஒருவன்தான் இருக்கிறேன். வெளியே, முகம் தெரியாத யாரோ ஒரு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அவனோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். அவரிடமிருந்து அதைப் பறிமுதல் செய்ய எனக்கு அதிகாரக் கடிதம் இருக்கிறது. மனம் இல்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பீரோவைத் திறந்து வேட்டி எடுக்கும்போது பெட்டியைத் துடைத்து வைத்தேன். செருகிப் பார்த்தேன், பச்சை விளக்கு எரிந்தது, கடவுச்சொல் கேட்டது. பிடுங்கி அதன் இடத்திலேயே வைத்துவிட்டு, திருடனின் பக்கத்தைத் திறந்தேன். அந்தக் கேள்விக்குக் கீழே ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன்: "நான்தான்." அனுப்பினேன். இதுவரை யாரும் மறுமொழி எழுதவில்லை. காணொளி முடிந்து, தானாகவே முதலில் இருந்து ஓடத் தொடங்கியது. காற்று. அலகுச் சத்தம். கிளம்பச் சொல்லி என் குரல். இருங்க மச்சான் என்கிறான், இன்னும் ஒண்ணு வருது.