சரஸ்வதி பூஜையில் செல்லோ

எங்கள் வீட்டு மாடியறையில் குடியிருந்த செல்லோ மாஸ்டர் ஜெர்மன்காரர். யுத்தம் வந்ததும், ஜெர்மன்காரர் என்பதற்காகப் பிரிட்டிஷ்காரன் அவரைப் பிடித்து உள்ளே வைத்தான். அதே காரணத்துக்காக ஜப்பான்காரன் வெளியே விட்டான். செல்லோ என்றால் என் உயரத்துக்கு ஒரு வயலின். முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வில்லால் வாசிப்பது. இளம் வயதிலேயே ராஜாக்கள் முன்னால் வாசித்தவராம். சொந்தமாக எழுதிய இசையை அங்கே அச்சடித்து விற்றார்களாம். பினாங்கில் உட்கார்ந்துகொண்டும் எழுதினார். அக்கரை பட்டர்வொர்த்துக்குப் போகும் படகின் சங்கொலியை ஒரு பாட்டின் நடுவே கொண்டுவந்து வைத்திருந்தார். அந்த இடம் வந்தால் எனக்குத் தாங்காது, கைதட்டிவிடுவேன். தட்டியதும் வாசிப்பைக் கெடுத்துவிட்டேனோ என்று பயமும் வந்துவிடும். பயப்படுவதற்கு அப்போது ஊரில் எல்லாம் இருந்தது, பள்ளிக்கூடம்தான் இல்லை. மூடிய பள்ளிக்கு நான் பிறகும் திரும்பவில்லை.

வீட்டில் அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான். அந்த வருஷ சரஸ்வதி பூஜைக்குப் படத்தின் முன்னால் வைக்க ஒன்றும் இல்லை. இங்கிலீஷ் புத்தகங்களை மாமா ஜப்பான்காரனுக்குப் பயந்துபோய் எரித்துவிட்டார். சுண்டலுக்குக் கடலை கிடைக்காமல் அம்மா மரவள்ளிக்கிழங்கை அவித்திருந்தாள். வெறும் பலகையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"மாஸ்டர், உங்க செல்லோவைக் கொண்டாங்க. வாத்தியம்தானே, சாமிகிட்ட இருக்கட்டும்."

அவர் சந்தோஷமாகத் தூக்கி வந்தார். அம்மா அதற்குச் சந்தனம், குங்குமம் இட்டாள். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமிப் பூஜை முடியும்வரை தொடக் கூடாது என்பதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. அது தெரியாத மனிதர் உலகத்தில் இருப்பார் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் மாமா சைக்கிளைப் போட்டது போட்டபடி உள்ளே ஓடிவந்தார். துறைமுகத்தில் ஜப்பான் கடற்படை ஆபீசில் அவர் கிராணி, குமாஸ்தா வேலை.

"அக்கா! ஜெர்மன் சப்மரீன் வந்திருக்கு! சாயந்திரம் ஓட்டல்ல விருந்தாம். நம்ம மாஸ்டர் வாசிக்கணுமாம். ஆபீசரே கார்ல வராரு லா!"

நான் குதித்தேன். கார்! அதுவும் மாஸ்டரின் சொந்த ஊர்க்காரர்களே அவர் வாசிப்பைக் கேட்கப்போகிறார்கள்! மாடிக்குப் பறந்துபோய்ச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஜெர்மனா? ஜெர்மன் ஆளுங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சந்தோஷம் தாங்கவில்லை போலும் என்று நினைத்தேன்.

கீழே அதற்குள் சண்டை.

"நாளைக்குக் காலையில எடுத்துக்கலாம்" என்றாள் அம்மா.

"ஜப்பான்காரன்கிட்ட சாமி கதையெல்லாம் சொல்ல முடியுமாக்கா? கன்னத்துல விழும்!"

"உன் கன்னம்தானே. வாங்கிக்க."

"மாஸ்டரை உள்ள தூக்கிப் போட்டுட்டா?"

"குடுத்துடும்மா, பாவம்மா மாஸ்டர்" என்று அவள் புடவையைப் பிடித்து இழுத்து அழுதேன். அப்போது படியில் நின்ற மாஸ்டர், மாமாவைப் பார்த்துக் கற்றுக்கொண்ட தமிழில் சொன்னார்: "அக்கா சொன்னா சரி. சாமி பெருசு. நான் தொடமாட்டேன்."

"நீங்களுமா!" என்று மாமா தலையில் கைவைத்தார்.

கார் வந்தது. இடுப்பில் வாளோடு ஆபீசர் இறங்கினார். எல்லோரும் குனிந்தோம். வாசலில் உட்கார்ந்து அவர் பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார். அதற்குமுன் சோதனைக்கு வந்தவர்கள் பூட்ஸோடு அடுப்படிவரை போனவர்கள்.

"கழட்டுறான்டி!" என்று அம்மா என் கையைக் கிள்ளினாள்.

மாமா தெரிந்த ஜப்பானியத்தில் திக்கித் திக்கிச் சொன்னார். ஆபீசர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. படத்தில் வீணையோடு உட்கார்ந்திருந்தவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பென்சாய்தென்" என்றார் மெல்ல. கைகூப்பி, எங்களைவிட ஆழமாகக் குனிந்தார். அவர்கள் நாட்டிலும் கையில் வாத்தியம் ஏந்திய ஒரு தாய் உண்டாம், அவள் பெயராம் அது. பிறகு திரும்பி மாமாவை நோக்கிக் கையை ஓங்கினார். மாமா கண்ணை மூடிக்கொண்டார். கை தோளில் விழுந்தது, சிரிப்போடு! அம்மா கொடுத்த கிழங்கை இரண்டு கையாலும் வாங்கித் தின்றுவிட்டு, மாஸ்டர் இல்லாமலே ஆபீசர் காரேறிப் போனார்.

நான் கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். எங்கள் சாமி ஜப்பான்காரனையே குனிய வைத்துவிட்டதே!

மறுநாள் காலை கற்பூரம் காட்டி முடித்து அம்மா, "எடுத்துக்கங்க மாஸ்டர்" என்றாள்.

அவர் மாமாவைக் கேட்டார். "கப்பல் போயிருச்சா?"

"இன்னும் நாலஞ்சு நாள் இருக்கும்."

"அப்ப, அக்கா, நாலஞ்சு நாள் இங்கயே இருக்கட்டும்."

அவர் யூதர் என்பதையும், மேடையில் ஏறக் கூடாது என்று சொந்த நாடே அவரைத் துரத்தியதையும், அவர் எழுதியதையெல்லாம் கடைகளிலிருந்து எடுத்துவிட்டதையும், அந்த விருந்தில் ஒருவன் அடையாளம் கண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும், எனக்குக் கல்யாணமான பிறகுதான் மாமா சொன்னார். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஊர்க்காரர்களுக்கு வாசிக்கக் கொடுத்துவைக்காத ஒரு பாவப்பட்ட மனிதர். அருகில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என்னால் முடிந்த மிகப் பெரிய ஆறுதலைச் சொன்னேன்.

"கவலைப்படாதீங்க மாஸ்டர். அவங்க மறுபடியும் வருவாங்க."