பதினாறு பக்கமும் ஒரு வில்லங்கமும்

வல்லிநாயகம் அண்ணாச்சியிடம் யாராவது நல்ல சேதி கொண்டுவந்தால் அவர் முதலில் கேட்பது, "இதை யார் சொன்னா?" என்பதுதான். தென்காசியில் பத்திரம் எழுதும் தொழிலில் அவருக்கு முப்பது வருஷம். பக்கத்து மேசையில் எனக்குப் பன்னிரண்டு. அவருடைய முப்பதில் ஏழு வருஷம் ஒரு வழக்குக்காகத் திருநெல்வேலிக்கு அலைவதிலேயே போனது. ஒரு கட்சிக்காரரின் செத்துப்போன அண்ணன் பெயரில் வேறொருவன் வந்து நின்று கைநாட்டு வைத்துவிட்டுப் போன பத்திரம். அந்தப் பத்திரத்தை எழுதியது இவர். இவர் மேல் குற்றமில்லை என்றுதான் தீர்ப்பு வந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு அவர் எவரையும் முகத்தைப் பார்த்து நம்பியதில்லை. ஆதார் அட்டையை வாங்கினால் படத்தையும் ஆளையும் நாலு தடவை மாறி மாறிப் பார்ப்பார். வீட்டுக்குப் பால் ஊற்ற வேறு ஆள் வந்தால்கூட விசாரணை உண்டு.

இப்படிப்பட்ட மனிதர் காமிக்ஸ் ஓவியம் சேர்ப்பவர் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சிறுவயதில் அவர் காமிக்ஸ் படித்தவரும் இல்லை. ஆறு வருஷம் முன்னால் வேல்ராஜ் என்பவர் வாசுதேவநல்லூர் பக்கம் ஒரு மனையைக் கிரயம் முடிக்க வந்தார். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாய்ப்பத்திரம் கசங்காமல் இருக்க ஒரு பெரிய அட்டையை மடித்து அதற்குள் வைத்திருந்தார். அண்ணாச்சி பத்திரத்தை எடுத்துவிட்டு, அட்டையைத் திருப்பிப் பார்த்தவர் அப்படியே இருந்துவிட்டார்.

கறுப்பு மையில் வரைந்த படங்கள். புளியங்குடி சந்தையில் எலுமிச்சை மூட்டை ஏற்றிக்கொண்டு நிற்கும் லாரி. ஓட்டுநர் பக்கவாட்டுக் கண்ணாடியில் பின்னால் நிற்பவனைப் பார்க்கிறான். பின்னால் நிற்பவன் வேறு எங்கோ பார்க்கிறான். தரகர் இருவரையும் பார்க்கிறார். ஒருவரையும் ஒருவர் நம்பாத மூன்று முகங்கள்.

"தேவான்னு ஒரு பையன் வரைஞ்சது" என்றார் வேல்ராஜ். "அச்சன்புதூர்க்காரன். 'நைட் லோடு'ன்னு மாசா மாசம் தொடர்கதை. லாரி டிரைவர் மாடன்னு ஒருத்தன்தான் கதாநாயகன். எங்க பிரஸ்ஸுலதான் அச்சாகும். இது அவன் கையால வரைஞ்ச ஒரிஜினல். இருபத்தெட்டு வயசுல போயிட்டான். கிட்னி கெட்டுப்போச்சு."

"மிச்சப் படமெல்லாம் எங்க?"

"பிரஸ்ஸை மூடும்போது எடைக்குப் போட்டாச்சு. எங்க வீட்டுப் பரண்ல கொஞ்சம் கிடக்கும்."

அப்படித்தான் அண்ணாச்சியிடம் பதினோரு பக்கங்கள் சேர்ந்தன. தேவா கையால் வரைந்ததில் அவ்வளவுதான் மிச்சம் என்று எல்லோரும் நினைத்தோம். வேலையில்லாத மத்தியானங்களில் அவற்றை எடுத்து, பழைய பத்திரத்தில் திருத்தல் பார்ப்பதற்கு வைத்திருக்கும் லென்ஸால் ஒவ்வொரு கோடாகப் பார்ப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ரவி, இவன் இடது கைக்காரன் வே."

நிழலுக்காகப் போட்டிருந்த நெருக்கமான சாய்கோடுகளைக் காட்டினார். எல்லாம் மேலே இடது பக்கம் தொடங்கிக் கீழே வலது பக்கமாகச் சரிந்திருந்தன. என் கையில் பேனாவைக் கொடுத்துக் கோடு போடச் சொன்னார். என் கோடுகள் எதிர்ப்பக்கம் சரிந்தன. அப்போதே வேல்ராஜுக்குப் போன் போட்டுக் கேட்டார். ஆமாம், இடது கைதான் என்றார் அவர். அன்று அண்ணாச்சி முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

போன வருஷம் ஆனி மாதம். கடையநல்லூரில் மொபைல் கடை வைத்திருக்கும் துல்கர்னைன் காமிக்ஸ் சேர்ப்பவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறார். அதில் அவர் ஒரு சேதி போட்டார். குற்றாலத்தில் இசக்கிசெல்வி என்ற பெண்ணிடம் தேவா வரைந்த பதினாறு பக்கங்கள் இருக்கின்றனவாம். அச்சில் வராத கதையாம். சாரல் காலத்தில் வீடெல்லாம் ஓதமாகிறது, காகிதம் கெட்டுப்போவதற்குள் நல்லபடியாக வைத்துக்கொள்பவர் யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறாராம். விலை எதுவும் சொல்லவில்லை, பார்த்துக் கொடுத்தால் போதுமாம்.

"விலை சொல்லாம எவன் விப்பான்?" என்றார் அண்ணாச்சி. "வில்லங்கம் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை என் பைக்கில் போனோம். மெயின் அருவிக்குப் போகும் கூட்டத்தைத் தாண்டி, ஒரு சந்துக்குள் ஓட்டு வீடு. இசக்கிசெல்விக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் டெக்னீசியன். எக்ஸ்ரே கவர் ஒன்றிலிருந்து பக்கங்களை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"தேவா சார் எங்ககிட்டதான் டயாலிசிஸுக்கு வருவாவ. கடைசியா அவுகதான் இதை எங்கிட்ட குடுத்தாவ."

"எதுக்கு உங்ககிட்ட?"

"வச்சிக்கிடுங்கன்னாவ. வச்சிருந்தேன்."

"எழுதி ஏதும் குடுத்தாரா?"

அவள் என்னைப் பார்த்தாள். "படத்துக்கு யாரு சார் எழுதிக் குடுப்பா?"

அண்ணாச்சி லென்ஸை எடுத்தார். மாடன் அப்படியே இருந்தான், லாரியும் அப்படியே. முகங்களில் அதே சந்தேகம். ஆனால் முதல் பக்கத்தில் கோடுகள் நடுங்கின. காகிதம் அட்டையில்லை, பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் சாதாரணச் சார்ட். அங்கங்கே பழுப்பு மஞ்சளில் கறை. அவர் இரண்டு பக்கம் பார்த்துவிட்டு, போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு லென்ஸை மடக்கினார். காபி வருவதற்குள் எழுந்துவிட்டார்.

சந்து முனையில் பைக்கை எடுக்கும்போது சொன்னார்: "சாய்கோடு எல்லாம் வலது கை வே. கறை பாத்தேரா, டீத்தண்ணி. பழசு மாதிரி காட்ட ஊத்திருக்கா. பாத்து வரையுதவனுக்குத்தான் கோடு நடுங்கும்."

எனக்கும் சரியென்றுதான் பட்டது. அன்று சாயங்காலமே குழுவில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிவப்பு அம்புக்குறி போட்டு, 'இது போலி. யாரும் ஏமாற வேண்டாம்' என்று எழுதினார். அவள் பெயரையும் போட்டார். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ரெண்டு நாளில் அது குழுவைத் தாண்டிப்போய், அவள் வேலை பார்க்கும் இடம் வரைக்கும் எட்டியது. செத்துப்போன நோயாளி பெயரைச் சொல்லி வியாபாரம் பண்ணுகிறாள் என்று அங்கே பேச்சு.

அண்ணாச்சிக்கு அதோடு விட மனசில்லை. தேவாவின் அக்கா முத்துலட்சுமி அச்சன்புதூரில் இருப்பதாகத் தெரிந்ததும், தம்பி இடது கைக்காரன் என்று ஒரு கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்று கிளம்பினார். நானும் போனேன்.

முத்துலட்சுமி வாசலிலேயே நிறுத்தி, யார் என்ன என்று எல்லாம் கேட்டபிறகுதான் உள்ளே விட்டாள். அண்ணாச்சி விஷயத்தைச் சொன்னார்.

"இடது கைதான். சோறு மட்டும் வலது கையால சாப்பிடுவான்."

"அதை ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்கம்மா."

"கையெழுத்தெல்லாம் போட மாட்டேன். பத்திரம் எழுதுதவுகன்னு சொல்லுதிய. எந்தச் சொத்துக்குன்னு யாருக்குத் தெரியும்?"

அண்ணாச்சி அதற்குப் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"கடைசி ஒன்றரை வருஷம் அந்தக் கையும் போச்சுல்லா. டயாலிசிஸுக்கு ஊசி போட மொதல்ல வலது கையிலதான் நரம்பைச் சேத்து ஆபரேஷன் பண்ணுனாவ. மூணு மாசத்துல அடைச்சிட்டு. பொறவு இடது கையில பண்ணுனாவ. நாலு மணி நேரம் அந்தக் கையை அசைக்கப்படாது. வாரத்துக்கு மூணு நாளு. வீட்டுக்கு வந்தா படுத்த படுக்கை. இங்கன அவன் பேனாவையே தொடலை. ஆஸ்பத்திரியிலதான் படுத்துக்கிட்டே மத்தக் கையால கிறுக்குதேன்னு சொல்லுவான். நான் பாத்ததில்லை. நான் அழுவேன்னு எங்கிட்ட காட்ட மாட்டான்."

அவள் சொன்னதிலும் அண்ணாச்சி ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று தேடுகிறார் என்று நினைத்தேன். பிறகு, தம்பியின் ஆஸ்பத்திரிக் காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். அவள் ஒரு பையைக் கொண்டுவந்து கொட்டினாள். ஆபரேஷன் சீட்டில் இடது கை என்று ஆங்கிலத்தில் தேதியோடு எழுதியிருந்தது. அதை மூன்று தடவை படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

நேரே குற்றாலம் போகச் சொன்னார். இசக்கிசெல்வி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"தப்பு எம்மேலதான்" என்றார் அண்ணாச்சி. "இடது கையில ஊசின்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா."

"நீங்க கேக்கலியே சார். எழுதிக் குடுத்தாரான்னு கேட்டிய. விலை கேட்டாக்கூடப் பரவால்ல. எப்படி வரைஞ்சாருன்னு கேக்கவே இல்லை."

அவர் வாசலைவிட்டு நகரவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. அவளுக்கே மனசு கேட்கவில்லையோ என்னவோ, உள்ளே வரச் சொன்னாள். பதினாறு பக்கத்தையும் வரிசையாகத் தரையில் பரப்பினாள்.

"மொதப் பக்கம் நடுங்குது பாருங்க. தாளுக்கு அடியில அட்டையை நான்தான் பிடிச்சிக்கிடுவேன். அஞ்சாவதுல நடுக்கம் கொஞ்சம் நின்னுட்டு. இந்தக் கறை பெட்டாடின், ஊசி குத்துமுன்ன தடவுத மருந்து. எங்கையில இருந்து பட்டது. அவுக ஒண்ணும் சொல்லலை, அதையே மாடன் சட்டையில கிரீஸ் ஆக்கிட்டாவ." கடைசிப் பக்கத்தைத் தொட்டாள். "இதுல பாருங்க."

கோடு ஒரே இழுப்பில் போயிருந்தது. இரண்டே பக்கம் பார்த்துவிட்டு அன்று எழுந்து போன அண்ணாச்சி, இப்போது லென்ஸை எடுக்கவேயில்லை. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

"எனக்குத் தருவீங்களா? நீங்க என்ன சொன்னாலும் தாரேன்."

"உங்களுக்கு இல்லை சார்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. முடிவாகச் சொன்னாள்.

அண்ணாச்சி குழுவில் தன் தப்பைச் சொல்லி நீளமாக எழுதினார். ஆஸ்பத்திரிக்கே போய் அவளுடைய மேலதிகாரியிடமும் சொன்னார். அங்கே விஷயம் ஓய்ந்துவிட்டது. குழுவில்தான் வேறு மாதிரி ஆனது. துல்கர்னைன் போன் பண்ணினார்.

"அண்ணாச்சி, நாலு பேரு நாலு விதமாப் பேசுதாங்க. போலின்னு சொல்லி விலையை இறக்கிட்டு, தானே வாங்கத்தான் இப்போ அசல்ங்காருன்னு ஒருத்தன் சொல்லுதான். அந்தப் பொண்ணும் நீங்களும் கூட்டுன்னு இன்னொருத்தன். உங்ககிட்ட இருக்க பதினொண்ணும் அசல்தானான்னு கேக்குதாங்க."

"நீரு என்ன நெனைக்கீரு?"

"நான் நம்புதேன்" என்றார் துல்கர்னைன். கொஞ்சம் தாமதித்துத்தான் சொன்னார். அந்தத் தாமதத்தை அண்ணாச்சி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். குழுவிலிருந்து அண்ணாச்சியே விலகிக்கொண்டார்.

ஆடி பிறந்ததும் இசக்கிசெல்வி எங்கள் இடத்துக்கு வந்தாள். பதினாறையும் முத்துலட்சுமியிடமே கொடுத்துவிடுகிறாளாம். அச்சன்புதூர் வீட்டில் ஓதமில்லை. இவை எங்கே, எந்த மாதத்தில், எந்தக் கையால் வரையப்பட்டவை என்று ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும், நாளைக்கு யாரும் போலி என்று சொல்லக் கூடாது என்றாள். அண்ணாச்சி காசு வாங்காமல் எழுதினார். நாலு தடவை திருத்தி எழுதினார். அவள் வாங்கி இரண்டு முறை படித்தாள். பிறகு எழுந்து என் மேசைக்கு வந்தாள்.

"நீங்களும் ஒருக்கா படிச்சிப் பாருங்க. வேற எதுவும் சேத்து எழுதலைல்லா?"

அண்ணாச்சிக்கு வருத்தமாக இருக்கும் என்று பயந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "படிச்சிச் சொல்லும் வே" என்றார்.

இப்போது மாதத்துக்கு ஒருமுறை, மூன்றாவது ஞாயிறு, அச்சன்புதூர் போகிறார். முத்துலட்சுமி பக்கங்களை எடுத்துக் கொடுத்துவிட்டு, எதிரிலேயே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு கீரை ஆய்கிறாள். அவர் பார்த்து முடித்ததும் பக்கங்களைத் திரும்ப வாங்கி, அவர் கண் முன்னாலேயே ஒன்று, இரண்டு என்று பதினாறு வரைக்கும் எண்ணிவிட்டுத்தான் பீரோவைப் பூட்டுகிறாள். அவர் அதுவரை எழுந்திருக்காமல் காத்திருக்கிறார்.