இடப்பக்கம் திரும்பிய சக்கரம்

நம்பாதவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. தேதி இருக்கிறது. நேரம் இருக்கிறது. படகுப் பட்டறைக்காரர் ஆஸ்முன் பொருத்திய ஹைட்ராலிக் ஸ்டியரிங் இன்னும் என் படகில்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து தொட்டுப் பார்க்கலாம். ஏறி உட்காருங்கள் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன்.

நான் நர்ஸ். நார்வேயின் வடகரையில் ஏழு சின்னத் தீவுகள். அங்கே இருக்கும் நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என் வேலை. படகு ஓட்ட முடியாவிட்டால் அந்த வேலை எனக்கு இல்லை. நானும் கணவன் யூஸ்டைனும் போன வசந்தத்தில்தான் நகரத்திலிருந்து இங்கே குடிவந்தோம். ஜூனில் ஆஸ்முனின் படகுப் பட்டறையில் பழைய படகு ஒன்று வாங்கினேன். பதினெட்டு அடி. பின்னால் அறுபது குதிரைத்திறன் மோட்டார். கேபிள் ஸ்டியரிங். எங்கோ ஏலத்தில் எடுத்துப் புது வண்ணம் அடித்து வைத்திருந்தார்.

கோடை முழுக்க ஒரு குறையும் இல்லை. செப்டம்பரில் இருட்டு சீக்கிரம் விழத் தொடங்கியது. அப்போதுதான் ஸ்டியரிங் சக்கரம் இழுக்க ஆரம்பித்தது.

எல்லா இடத்திலும் அல்ல. ஓரிடத்தில் மட்டும். கடலுக்கு நடுவே ஒரு பாறைத்திட்டு. கரும்பாறை என்பார்கள். அதன் மேல் ஒரு விளக்குக் கம்பம். வீடு திரும்பும்போது அது எனக்கு இடப்பக்கம் வரும். விளக்குக்கு நேராக வந்ததும் சக்கரம் இடப்பக்கம் போகும். பாறையைப் பார்த்து. முதலில் ஒரு விரல் அளவு. அக்டோபரில் இரண்டு கையாலும் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. என் வலது தோள் வீங்கிவிட்டது.

ஆஸ்முனிடம் போனேன்.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே? கேபிள்னா இழுக்கத்தாம்மா செய்யும். மோட்டார் சுத்துற முறுக்கு அப்படியே உன் கைக்கு வரும். வலது பக்கம் இழுக்குதா?"

"இடது பக்கம்."

கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"வலதுன்னு சொல்லு. இந்த மோட்டார் வலதுலதான் இழுக்கும்."

"எனக்கு இடது வலது தெரியும். ஊசி போடுறவ நான்."

"கோவப்படாதே. உன்கிட்ட நானும் ஒருநாள் ஊசி போட்டுக்கணும்."

கேபிளைக் கழற்றி கிரீஸ் போட்டார். மோட்டாருக்கு அடியில் இருக்கும் சின்னத் தகட்டைத் திருப்பி வைத்தார். ஒன்றும் மாறவில்லை.

"அப்ப ஹைட்ராலிக் போட்டுடு" என்றார். "கேபிளுக்குப் பதிலா எண்ணெய்க் குழாய். நடுவுல ஒரு வால்வு பூட்டிக்கும். கடல் என்ன ஆட்டம் போட்டாலும் சரி, மோட்டார் என்ன முறுக்கினாலும் சரி, சக்கரத்துக்கு வராது. சக்கரம் அசையணும்னா ஒரு கை அதைத் திருப்பணும்."

யூஸ்டைன் சிரித்தான்.

"அறுபது குதிரைக்கு ஹைட்ராலிக்கா? துறையில நிக்கிறவன் எல்லாம் கிண்டல் பண்ணுவான். கேபிள்ல கடல் என்ன பண்ணுதுன்னு கையில தெரியும். அதுல ஒண்ணும் தெரியாது, பொம்மைக் கார் ஓட்டுற மாதிரி."

"எனக்குத் தெரிய வேண்டாம்."

"சரி தாயே. உன் படகு, உன் தோளு."

மூன்று நாள் யோசித்தேன். கேபிள் எளிது. அறுந்தால் நானே மாற்றிவிடலாம். ஹைட்ராலிக்கில் எண்ணெய் கசிந்தால் நடுக்கடலில் கைகட்டி நிற்க வேண்டியதுதான். ஆனால் ஆஸ்முன் சொன்ன அந்த ஒரு வாக்கியம்... ஒரு கை திருப்பினால்தான் திரும்பும். அதற்காகவே ஹைட்ராலிக் போட்டேன்.

நவம்பர் 12 அன்று பொருத்தினார். சக்கரத்தை ஒரு விரலால் திருப்ப முடிந்தது. ஆறு நாள் கரும்பாறையைக் கடந்தேன். சக்கரம் அசையவில்லை. தோள் ஆறியது. யூஸ்டைனிடம் பீற்றிக்கொண்டேன்.

நவம்பர் 19. பிற்பகல் 3:38.

அந்த மாதத்தில் எங்களுக்கு அது முழு இருட்டு. ஈரப்பனி விழுந்துகொண்டிருந்தது. அலை இல்லை. வேகமானி 28 காட்டியது, எப்போதும் போல. என் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. அதை இழுத்தால் மோட்டார் நின்றுவிடும்.

3:41. விளக்கு இடப்பக்கம் வந்தது.

சக்கரம் திரும்பியது.

இழுப்பு இல்லை. முறுக்கு இல்லை. மெதுவாக, சீராக... நான் எப்படித் திருப்புவேனோ, அப்படி.

எதிர்ப்பக்கம் திருப்பினேன். நின்றது. பிறகு என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் பலத்தோடு மறுபடி திரும்பியது.

இரண்டு கைகளையும் எடுத்துவிட்டேன்.

அது திரும்பிக்கொண்டே இருந்தது.

பாறைக்கு நாற்பது மீட்டர். கயிற்றை இழுத்தேன்.

மோட்டார் நின்றது. 3:42.

சத்தமே இல்லை.

டக்.

வலப்பக்கம். படகின் வெளிப்புறத்தில்.

படகு வலப்பக்கம் சாய்ந்தது. தண்ணீரிலிருந்து ஒரு ஆள் விளிம்பைப் பிடித்து ஏறினால் எவ்வளவு சாயுமோ, அவ்வளவு... நிமிர்ந்தது. எனக்குப் பின்னால் தண்ணீர் சொட்டியது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

டக்.

இடப்பக்கம்.

சாய்ந்தது... நிமிர்ந்தது.

கயிற்றை மாட்டினேன். மூன்றாவது முறை மோட்டார் பிடித்தது. 3:46. வீட்டைப் பார்த்துத் திருப்பினேன். சக்கரம் விடவில்லை. வேறு பக்கம் போனது. போகட்டும் என்று விட்டேன்.

வேகமானி 24. நான் எதையும் குறைக்கவில்லை.

பதினோரு நிமிடம். சொட்டு... சொட்டு... யாரும் பேசவில்லை.

3:57. நான் அதுவரை பார்க்காத ஒரு படகுத்துறை. படகு தானாகத் துறையை ஒட்டி நின்றது.

சாய்ந்தது. நிமிர்ந்தது. துறையின் மரப்படிகள் கிறீச்சிட்டன. நான்கு படி.

அடுத்த சாய்வுக்குக் காத்திருந்தேன்.

படகு அசையவில்லை.

மேலே டார்ச் எரிந்தது. எழுபது வயது இருக்கும் ஒரு பெண்மணி.

"யாரது?"

"நர்ஸ் சிக்னே. வழி தவறிட்டேன்."

அவர் டார்ச்சை என் மேல் அடிக்கவில்லை. படகின் முனையில், கயிறு கட்டும் பித்தளைக் கொம்பின் மேல் அடித்தார்.

"அது எங்க வீட்டுக்காரரு கையால அடிச்சது" என்றார். "உள்ள வா. நடுங்குறே."

பெயர் போர்கில். சமையலறையில் காப்பி ஊற்றினார். எங்கள் இரண்டு பேருக்கு மூன்று கோப்பை வைத்தார். வாசலிலிருந்து மூன்றாவது நாற்காலி வரை தரை ஈரமாக இருந்தது.

"போன வருஷம் இதே நாளு" என்றார். "கரும்பாறைகிட்ட. எங்க வீட்டுக்காரரு ஹால்வர் கிடைக்கவேயில்ல. படகு மட்டும் ஆளில்லாம சுத்திக்கிட்டு இருந்துச்சாம். இடது பக்கமா."

"தனியாவா போனாரு?"

"தனியாத்தான். போலீஸும் அப்படித்தான் எழுதிக்கிச்சு."

பிறகு கதவுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு கொக்கிகளைக் காட்டினார். இரண்டும் வெறுமையாக இருந்தன.

"குளிருக்குப் போடுற கடல் உடுப்பு, ரெண்டு மாட்டியிருந்தேன். ரெண்டையும் எடுத்துட்டுப் போயிருக்காரு. இன்னொண்ணு யாருக்குன்னு நான் எங்கேயும் கேக்கல. கேட்டா ஊரு வாய் சும்மா இருக்காது."

நான் பிறகு கேட்டேன். தீவு தீவாக. அந்த வருடம் இந்தப் பக்கத்தில் காணாமல் போனது ஹால்வர் ஒருவர்தான்.

வீடு திரும்பும்போது வேகமானி 26 காட்டியது. மறுநாளும் 26. இன்றுவரை 26. ஆஸ்முன் படகைத் தூக்கி அடிப்பாகத்தைச் சுரண்டினார். மோட்டாரின் விசிறியை மாற்றினார். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து கையை விரித்தார்.

"ஒரு பழுதும் இல்லம்மா. பின்னால இன்னொரு ஆள் உக்காந்திருக்கிற மாதிரி ஓடுது, அவ்வளவுதான்."

படகை விற்கலாம். விற்றால் அடுத்தவருக்கு என்ன சொல்வது? அதனால் நான்தான் ஓட்டுகிறேன். தினமும் கரும்பாறையைக் கடக்கிறேன். சக்கரம் இப்போது எந்தப் பக்கமும் திரும்புவதில்லை.

என் பயமே அதுதான். ஹால்வருக்கு இறங்க வேண்டிய துறை தெரிந்திருந்தது.