ஏகாதசியன்று சம்பந்தி வீட்டில் என் வயிறு

நான் எழுதத் தெரிந்தவன் இல்லை. புனேயில், கட்கியில் பத்தாவது வரை படித்து, தொழிற்சாலை ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தவன். நாலு பேர் கூடினால் கதவோரம் நிற்கிற ஆள். அப்படிப்பட்டவன் எழுத உட்காருவதே அதிகம். அதிலும் வயிற்றைப் பற்றி எழுதுவது இன்னும் அதிகம். மன்னிக்க வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே படிக்க வேண்டாம்.

போன வருஷம் என் பெருங்குடலின் சுவரில் சின்னச் சின்னப் பைகள் உண்டாகி, அதில் ஒன்று வீங்கிப் புண்ணாகி, ஆஸ்பத்திரியில் கிடந்தேன். டைவர்டிகுலைட்டிஸ் என்றார்கள். இன்றுவரை அந்தப் பெயரை நான் ஒரே மூச்சில் சொன்னதில்லை. மருந்திலேயே குணமாகிவிட்டது. பிறகு எடுத்த ஸ்கேனும் சுத்தம் என்று டாக்டர் கைகொடுத்தார். அப்படியானால் இந்த உப்புசம் ஏன் என்று கேட்டேன். சிலருக்குக் கொஞ்ச நாள் இருக்கும் என்றார்.

குணமானது என் குடலுக்குத் தெரியவில்லை. இடது அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். சாப்பிட்டதும் வயிறு பானையாகும். ஒரு நாள் போகவே போகாது. மறுநாள் போய்க்கொண்டே இருக்கும். எழுந்து வெளியே வந்தால் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று தோன்றும். திரும்பப் போனால் ஒன்றும் இருக்காது. டாக்டர் எந்தச் சாப்பாட்டையும் விலக்கச் சொல்லவில்லை. வயிறுதான் சொன்னது. முதலில் அது விலக்கியது வேர்க்கடலையை. தயிர் சாதத்தோடு மட்டும் அதற்குச் சண்டையில்லை.

இந்த நிலையில் என் மகள் ஒரு பையனைச் சொன்னாள். விமான் நகரில் அவளோடு ஒரே ஆபீஸ். மராட்டிக்காரர்கள். வீடு லோஹேகாவில், அப்பா விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்களைச் சாப்பிட அழைத்தார்கள். எந்த நாள் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். ஆடி பிறப்பதற்குள் பேசி முடிக்க வேண்டுமென்று என் மனைவி காலண்டரைப் பார்த்தாள். ஆனிக் கடைசியில் ஒரு ஏகாதசி இருந்தது.

"பெருமாள் நாளுங்க. இதுக்கு மேல நல்ல நாள் வேற ஏது?" என்றாள்.

எங்கள் வீட்டில் யாரும் ஏகாதசி விரதம் இருந்தது கிடையாது. போனில் நாளைச் சொன்னதும் அந்த நாளா என்று இரண்டு தரம் கேட்டார்கள். பிறகு "சலேகா, சலேகா, பரவாயில்லை" என்றார்கள்.

பஸ்ஸில் மனைவி எனக்குப் பாடம் நடத்தினாள்.

"ஆஸ்பத்திரிக் கதைய அங்க எடுக்காதீங்க. குடல் வியாதின்னா பரம்பரையாம்பாங்க, பொண்ணுக்கும் வருமாம்பாங்க. கெடச்ச சம்பந்தம் போயிடும். குடுக்கறத சிரிச்சிக்கிட்டே சாப்பிடுங்க."

"சிரிக்கணுமா?"

"சாப்பிட்டா போதும்."

அவர்கள் வீட்டு டிவியில் பண்டரிபுரத்துக் கூட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருஷா வருஷம் பண்டரிபுரம் போகிற பல்லக்குக்காகப் புனேயில் ரோட்டை அடைப்பார்கள். சின்ன வயதிலிருந்து அதில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். அது எந்த ஏகாதசிக்குப் போய்ச் சேர வேண்டிய பல்லக்கு என்று யோசித்ததில்லை. இந்த ஏகாதசிக்குத்தான். அன்றைக்கு அந்த மாதிரி வீடுகளில் அரிசி அடுப்பில் ஏறாது. தயிர் சாதத்தை நம்பி வந்தவன் முன்னால் ஜவ்வரிசிக் கிச்சடி வந்தது. பாதி ஜவ்வரிசி, பாதி வேர்க்கடலை.

சாப்பிட்டேன். போதும் என்று தட்டின் மேல் கையை வைத்தேன். பையனின் அம்மா கையை விலக்கி, "லாஜூ நகா, வெட்கமே வேண்டாம்" என்று இன்னொரு கரண்டி வைத்தார். மனைவி என்னைப் பார்த்தாள். அதையும் சாப்பிட்டேன்.

மகளைப் பற்றி அவர்கள் நல்லதாக நாலு வார்த்தை சொல்லும்போது வயிறு பேச ஆரம்பித்தது. கழிவறை எங்கே என்று கேட்டேன். சோபாவுக்கு நேர் பின்னால் கதவு. உள்ளே போனேன். நடந்ததை எழுதப்போவதில்லை. வெளியே டிவி சத்தம் திடீரென்று கூடியது மட்டும் காதில் விழுந்தது.

திரும்பி வந்தபோது மனைவி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையனின் அப்பா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு இந்தியில் கேட்டார்:

"ஆஸ்பத்திரியிலிருந்து வந்தும் இன்னும் சரியாகலையா?"

மனைவி சட்டென்று மகளைப் பார்த்தாள். பிறகு மகள்தான் சொன்னாள்: "அம்மா, அப்பா அட்மிட் ஆயிருந்தப்ப தினம் சாயந்தரம் என்னை வீட்ல விட்டது யாருன்னு நெனச்ச?"

பையனின் அம்மா சமையலறைக்குப் போய் ஒரு தூக்குச் சட்டியோடு வந்தார். தயிர் சாதம்.

"காலைல உங்களுக்குன்னு தனியா வெச்சேன். நீங்களே ஏகாதசிக்கு வர்றோம்னு சொன்னீங்க. கிச்சடியையும் ஆசையா சாப்பிட்டீங்க. சரி, பக்தர் போலிருக்கு, சாதத்தைக் காட்டினா பாவம்னு எடுக்கலை" என்று இந்தியில் சொன்னார்.

என் மனைவி மெதுவாக, "இது பரம்பரை வியாதி இல்லீங்க" என்று தமிழிலேயே சொன்னாள். மகள் மொழிபெயர்த்தாள்.

"எனக்குச் சுகர். இவளுக்குத் தைராய்டு. எங்க அப்பாவுக்கு ரெண்டும் இருந்துச்சு" என்றார் பையனின் அப்பா. "நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

அந்த வீட்டில் ஏகாதசியன்று எனக்காக உலை வைத்திருக்கிறார்கள். வேண்டாமென்று எப்படிச் சொல்வது? கிச்சடிக்கு மேல் தயிர் சாதத்தையும் சாப்பிட்டேன். சட்டியை வழித்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அவர்கள் போன் செய்து நிச்சயத்துக்கு நாள் கேட்டார்கள். நான் கழிவறைக்குள் இருந்தேன். மனைவி பேசினாள்.