உதைக்காத பட்டன்

மகனுக்காகக் கிளிநொச்சிக் கடையொன்றில் புதிதாக வந்திருந்த கேம் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மின்சாரம் நின்று, வெளியே யாரோ ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்துத் தொடக்க, மண்ணெண்ணெய்ப் புகை உள்ளே வந்தது.

"இதோடை சண்டை கேம் வருதோ?" என்று கேட்டேன்.

கடைக்காரத் தம்பி சிரித்தான். "சண்டை கேமுக்காக இப்ப ஆர் அண்ணை பெட்டி வாங்குகினம்?"

முரசுமோட்டையில், சமாதான காலத்தில், பக்கத்து வீட்டு யசோவின் அப்பா அதற்காகத்தான் வாங்கினார். சொட்டுப் பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓடவிட்ட ஜெனரேட்டர் முற்றத்தில் இரைய, தகரக் கொட்டிலுக்குள் நானும் அவளும் தோளோடு தோள் இடித்தபடி பின்னேரமெல்லாம் திரையில் அடிபட்டோம். இரண்டு கொன்ட்ரோலர்களில் ஒன்றின் உதைக்கும் பட்டன் செத்துப்போயிருந்தது. வென்றவர்தான் அடுத்த ஆட்டத்துக்கு அதை எடுக்கவேண்டும் என்பது எங்கள் சட்டம். நல்லதை விட மனமில்லாமல், அவளுடைய உதைக்க முடியாத ஆளிடம் நான் வேண்டுமென்றே தோற்றுக்கொண்டிருந்தேன்.

"கள்ளா, வேணுமெண்டு தோக்கிறாய்," என்றாள், சமாதானம் முறிந்து சண்டை ஊரை நெருங்கியிருந்த ஒருநாள். "நாளைக்கு உண்மையா அடிபடு பாப்பம்."

அடுத்த நாள் ஷெல் விழத் தொடங்கியது. ஊரே இடம்பெயர்ந்தது. கொட்டில் இருந்த இடத்தில் இப்போது வெறும் பற்றைக்காடு. யசோ முள்ளிவாய்க்காலைத் தாண்டி வரவில்லை.

"ரெண்டாவது கொன்ட்ரோலர் தேவைப்படாது அண்ணை, எல்லாம் ஒன்லைன்தான்," என்றான் தம்பி, பெட்டிக்குள் ஒன்று மட்டும் இருப்பதை நான் பார்த்ததும்.

அந்த ஒன்றைக் கையில் வாங்கி, ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தேன். எல்லாம் வேலை செய்தன.