கொப்பளிப்பானுக்கு ஒரு பார்ட்டி

உறைபனி விழுந்த காலையில் வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். ஒக்லாந்துக்கு வந்தால் காணலாம். போன குளிர்காலம் இங்கே பிறந்து வளர்ந்தவர்களே முணுமுணுத்த குளிர்காலம். விடிய எழும்பிப் பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளை. கார்க் கண்ணாடியைச் சுரண்டாமல் ஓட முடியாது. படுக்கையறை யன்னலின் உள்பக்கம் தண்ணீர் வடியும். இவர்கள் வீடு என்று சொல்வது பலகையால் அடித்த ஒரு பெட்டி. அதற்குள் குளிர்கிறது என்று சொன்னால், இன்னொரு ஜம்பரைப் போடு என்று புத்தி சொல்வார்கள். நானும் கணவரும் மகள் அபியும் ஒரே ஹீட்டரைச் சுற்றிக் குந்தியிருப்போம். வேலிக்கு அடுத்த பக்கத்து லின்டாவின் மகன் ஜேமி அரைக்காற்சட்டையோடு, சப்பாத்தைக் கயிற்றில் கட்டித் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, பனிப்புல்லை நொறுக்கியபடி போவான். பிள்ளைக்குக் குளிராதா என்று லின்டாவிடம் ஒருநாள் கேட்டேன். உடம்பு உரம் ஏறும் என்று சிரித்தாள். இவள் பிள்ளை வளர்க்கிறாளா, வேலிக்குக் கதியால் தடி நடுகிறாளா என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

அந்தப் பனி எங்கள் வயிற்றிலும் அடித்தது. என் கணவர் ஊரில் குளங்களுக்கும் மதகுகளுக்கும் வரைபடம் போட்ட எஞ்சினியர். அந்தப் பட்டத்துக்குக் குடிவரவுப் புள்ளி போட்டு, புள்ளி காணும், இவ்வளவு போதும், வாருங்கள் என்று விசா தந்து கூப்பிட்டவர்கள் இந்த நாட்டுக்காரர். வந்து இறங்கிய பிறகு, அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே எஞ்சினியர் புக்கெகோஹியில் கரட் கழுவிப் பையில் அடைத்தார். நாங்கள் இருந்த கிளென் ஈடன் நகரத்தின் ஒரு தொங்கலில், புக்கெகோஹி மற்றத் தொங்கலில். விடியமுன் காரில் போய் இருட்டிய பிறகு வருவார். அதே தோட்டத்தில் முளைத்து வந்த உருளைக்கிழங்குச் செடிகள் பனியில் கருகிப்போனதும் அந்த வேலைக்கும் நாள் குறைத்தார்கள். அந்த நேரம்தான் நகரத்தில் ஒரு கம்பனியிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. வடிகால் வரைபட வேலை. போட்ட விண்ணப்பங்கள் அத்தனைக்கும் அதுதான் முதல் அழைப்பு. ஒக்டோபர் நடுப்பகுதியில் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் ஒரு வெள்ளைச் சட்டையும் கடும் சிவப்பில் ஒரு கழுத்துப்பட்டியும் வாங்கி வந்து, கண்ணாடிக்கு முன்னால் கட்டிக் கட்டி அவிழ்த்தார். இதுவும் தவறினால் இந்த மனிதன் கரட்டோடு கரட்டாகவே கிடந்துவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

செப்டெம்பரில் இங்கே வசந்தம். பூ வருமுன் வருத்தம் வந்தது. நாங்கள் கொப்பளிப்பான் என்றும் தமிழ்நாட்டுக்காரர் அம்மை என்றும் சொல்லும் அதே வருத்தம், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பரவியது. அபியின் வகுப்பில் பாதிக் கதிரை வெறுமை. நான் அவளுக்குக் கையில் மஞ்சள் துண்டு கட்டி, மற்றப் பிள்ளைகளோடு முட்டாதே என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு முன்பே வந்து போய்விட்டது. அவளுக்கு இன்னும் வரவில்லை. என் கணவருக்கும் சின்ன வயதில் வரவில்லை. வளர்ந்த ஆம்பிளைக்கு வந்தால் என்ன பாடு படுத்தும் என்று எங்களுக்குத் தெரியும்.

எனக்கு வந்தது கலியாணத்துக்கு முதல், யாழ்ப்பாணத்தில் சண்டை நடந்த காலத்தில். எங்கள் ஒழுங்கையில் நாலு குடும்பத்துக்கு ஒரு பங்கர். அம்மா வாசலில் வேப்பங்கொத்துக் கட்டிய அன்றே ஒழுங்கை முழுவதற்கும் தெரிந்துவிட்டது. கூப்பிடுகிறவர்கள் படலைக்கு அப்பால் நின்று கூப்பிட்டார்கள். மத்தியானம் பொம்பர் வந்தது. அம்மா என்னைப் போர்வையில் சுற்றிப் பங்கருக்குள் இறக்கினா. அவ்வளவுதான், உள்ளே இருந்த சனம் எல்லாம் வெளியே ஏறிவிட்டது. தலைக்கு மேலே பிளேன் குத்திக்கொண்டு இறங்குகிறது, இவர்கள் பலாமரத்துக்குக் கீழே நிற்கிறார்கள். குண்டு விழுந்தால் ஒரேயடியாகப் போய்விடலாம், கொப்பளிப்பான் என்றால் சொறிந்துகொண்டு கிடக்கவேண்டும் என்று யோசித்தார்களோ தெரியாது. நானும் அம்மாவும் அந்தப் பெரிய பங்கருக்குள் தனியே சொகுசாக இருந்தோம். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்பதால்தான் இப்போது இதைச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன்.

அந்த வளர்ப்பில் வந்த என்னிடம்தான் லின்டா வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, சனிக்கிழமை எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குப் பார்ட்டி, உன் மகளையும் கொண்டுவா என்றாள். என்ன பார்ட்டி என்று நான் கேட்கவில்லை. ஜேமிக்குப் பிறந்தநாளாக இருக்கும் என்று நானே முடிவெடுத்தேன். வந்து இத்தனை நாளில் ஒரு வெள்ளைக்காரி எங்களை வீட்டுக்குள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எங்கள் வழக்கப்படி குடும்பமாகவே வெளிக்கிட்டோம். அபிக்குப் பட்டுப் பாவாடை, எனக்குச் சேலை. ஒரு விளையாட்டு லொறியை மினுங்கும் கடதாசியில் சுற்றினேன். கணவர் நேர்முகத்துக்கு வாங்கிய சட்டையையும் கழுத்துப்பட்டியையும் போட்டார். கட்டிப் பழகினால் நல்லதுதானே என்று நான்தான் சொன்னேன்.

கதவைத் திறந்த லின்டா பழைய காற்சட்டையோடு நின்றாள். எங்களை மேலும் கீழும் பார்த்து, "ஓ, லவ்லி" என்றாள். கூடத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து புரண்டுகொண்டிருந்தன. வேறு தகப்பன்மார் எவரும் இல்லை. தாய்மாரில் பாதிப்பேர் பிள்ளையை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஜேமி ஓடிவந்து லொறியைப் பறித்தான். ஒரு பலூனைப் பாதி ஊதி, எச்சில் வடிய, என் கணவரிடம் நீட்டினான். பிள்ளைகள் என்றால் உயிரை விடுகிற மனிதன்; வாங்கி மீதியை ஊதிக் கட்டி, அவனைத் தூக்கி மடியில் வைத்தார். அப்போதுதான் அவனுடைய கழுத்தைப் பார்த்தேன். பிறகு முகத்தை. ஒரே லொலிப்பொப் ஒரு வாயிலிருந்து மற்ற வாய்க்குச் சுற்றிவந்துகொண்டிருந்தது. அது என் மகளின் வாயில் இருந்தது.

பிள்ளையின் முகத்தில் என்ன என்று கேட்டேன். லின்டாவுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "சிக்கின்பொக்ஸ்தான். அதற்காகத்தானே எல்லோரும் வந்திருக்கிறோம்" என்றாள். இப்போதே எல்லாருக்கும் வந்து முடிந்துவிட்டால் கிறிஸ்மஸ் விடுமுறைக்கு நிம்மதியாகக் கடற்கரைக்குப் போகலாமாம். எங்கள் ஊரில் பெயர் சொல்லவே பயந்து அம்மாள் என்று கும்பிட்ட வருத்தத்தை இவர்கள் கடற்கரைக்கு நாள் பார்த்து வரவழைக்கிறார்கள்! அதற்குக் கேக்கும் வெட்டினார்கள். நான் அபியைப் பாவாடையோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் வந்த கணவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தியபடி கேட்டார்.

"ஏன் இப்பிடிக் குழம்புறீர்? அந்தப் பெடியனுக்கு நுளம்பு ஏதும் கடிச்சதே?"

"நுளம்போ? கொப்பளிப்பான்! அதைத்தான் மடியிலை வைச்சுக் கொஞ்சிப்போட்டு வாறியள்."

அவர் கையைப் பார்த்தார், பிறகு சட்டையைப் பார்த்தார். "இன்ரவியூவுக்கு இன்னும் இரண்டு கிழமை கிடக்கு" என்றார். இரண்டு கிழமை என்பது நல்ல செய்தி என்று அவர் நினைத்தார். கொப்பளிப்பான் வெளியே வருவதும் அந்த இரண்டு கிழமைக்குள்தான் என்று எனக்குத் தெரியும்; நான் அபியின் வாயைக் கழுவக் குழாயடிக்கு ஓடினேன்.

சொல்லிவைத்த மாதிரி வந்தது. அபிக்கு அங்கொன்று இங்கொன்று. அவள் ரீவிக்கு முன்னால் இருந்து, "இட்ஸ் நொட் ஈவன் ஸோர், அம்மா" என்று என்னையே தேற்றினாள். அவருக்கு மயிர்க்கால் மயிர்க்காலாகப் போட்டது. கண் இமையில், நாக்கில், உள்ளங்காலில். காய்ச்சலில் கிடந்து மதகு, வான்கதவு என்று என்னவோ பிதற்றினார். நான் சான்ட்ரிங்ஹாமில் இருக்கும் மங்களக்காவுக்குப் போன் எடுத்தேன். எங்களுக்கு இந்த வீட்டைப் பார்த்துத் தந்தவ, தினமும் இரண்டு தரமாவது கதைக்கிறவ. விஷயத்தைக் கேட்டதும் அக்காவின் குரல் தேய்ந்தது.

"ஐயோ பிள்ளை, அம்மாள் வந்த வீட்டிலை இருந்தே கதைக்கிறாய்?"

"ஓம் அக்கா. போனுக்குள்ளாலை வராது."

"அதுக்கில்லையடி. சரஸ்வதி பூசைக்கு நீ வடை சுடுறதாச் சொன்னனீ. அது வேண்டாம். நீங்கள் ஒருத்தரும் வராதேங்கோ, என்ன? ஆக்களுக்கும் சொல்லிவிடுறன்."

சொல்லிவிட்டா. அதற்குப் பிறகு தமிழாள் ஒருவரும் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வாசலில் கார் ஹோர்ன் கேட்டது. நான் போவதற்குள் மங்களக்காவின் கார் பறந்துவிட்டது. தபால் பெட்டிக்குள் ஒரு பொட்டலம்: பிஜியிலிருந்து யாரோ சுங்கக்காரர் கண்ணில் படாமல் சேலை மடிப்புக்குள் ஒளித்துக் கொண்டுவந்த காய்ந்த வேப்பிலை. ஒக்லாந்தில் அதைக் கண்டுபிடிக்க அக்கா எத்தனை வீட்டுக்குப் போன் எடுத்திருப்பா என்று எனக்குத் தெரியும். ஆனாலும் காரை நிற்பாட்டி யன்னலுக்குள்ளால் ஒரு முகம் காட்டியிருக்கலாம்.

லின்டா முகத்தை மட்டுமா காட்டினாள்? சப்பாத்தோடு நேரே படுக்கையறைக்குள் வந்தாள். அவரைப் பார்த்து, "யூ போர் திங்" என்று வாயைப் பொத்திச் சிரித்தாள். ஒரு பழைய ஸ்டொக்கிங்குக்குள் ஓட்ஸை நிரப்பி முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். குளிக்கிற தண்ணீரில் ஊறவிட்டால் சொறியவைக்கும் கடி குறையுமாம். வீட்டில் நோயாளி கிடக்கிறபோது ஒருத்தி தன் பழைய காலுறையைக் கொண்டுவந்து தருகிறாள், நான் தாங்க்யூ சொல்கிறேன். கூடவே இரண்டு புதுப் பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தாள். பார்ட்டிக்கு வர முடியாமல் போனவர்களாம். அபியோடு கொஞ்ச நேரம் விளையாடவிடலாமா என்று கேட்டாள். சமையலுக்கு வெங்காயம் கடன் கேட்டு வந்தவளைப்போல நின்றாள். நான் வழிவிட்டேன். என்ன செய்வது, அந்தக் கிழமை முழுவதும் எங்கள் வீட்டுக்குள் காலடி வைத்தது அவர்கள் மட்டும்தான்.

நேர்முக நாளுக்கு முதல்நாள் நானும் அவரும் சண்டை பிடித்தோம்.

"விழுந்து கால் முறிஞ்சதெண்டு சொல்லுங்கோ. கொப்பளிப்பான் எண்டால் ஆர் கிட்டச் சேர்ப்பினம்?"

"போய் என்னத்தை நொண்டிக் காட்டுறது? உண்மையைச் சொல்லுவம். போனால் போகட்டும்."

அவர் தொலைபேசியில் உண்மையைச் சொன்னார். அந்தப் பக்கத்துச் சிரிப்பு எனக்கே கேட்டது. கம்பனி மனேஜரின் மூன்று பிள்ளைகளுக்கும் போன மாதம்தானாம். நோ வொரீஸ், காய்ந்த பிறகு வா, வேலை எங்கேயும் ஓடிப்போகாது என்றாராம். இந்த வருத்தத்தைக் கேட்டு ஒரு மேலதிகாரி சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன். எனக்கு அழுகை வந்தது. இந்தச் சனத்தை இவ்வளவு நாளும் கரிச்சுக் கொட்டினேனே, இவர்களும் மனிதர்தான் என்று அந்த ஒரு பொழுதாவது நினைத்தேன். அவருக்குத் தண்ணீர் வார்த்தபோது மங்களக்காவின் வேப்பிலையையும் லின்டாவின் ஓட்ஸ் ஸ்டொக்கிங்கையும் ஒரே தொட்டிக்குள் போட்டேன். எது சுகப்படுத்தியது என்று கேட்காதீர்கள்.

நேர்முகத்துக்குப் போனபோது அவருடைய முகத்திலும் கையிலும் பொருக்கு முழுவதும் உதிரவில்லை. மனேஜர் அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக் குலுக்கினாராம். கோப்பி போட்டுக் கொடுத்து, ஒரே தட்டில் பிஸ்கட்டும் சாப்பிட்டாராம். மதகு வரைபடங்களை விரித்துப் பார்த்து, பியூட்டிஃபுல் என்றாராம். கணவர் வீட்டுக்கு வந்தபோது கழுத்துப்பட்டியைக் கழற்றவே மறந்துபோனார். இரவுச் சாப்பாட்டையும் அதோடேயே சாப்பிட்டார். அடுத்த கிழமை போன் வந்தது. அவர், "யெஸ்... யெஸ்... ஐ அண்டர்ஸ்டாண்ட்... தாங்க்யூ" என்றார். மெதுவாக வைத்தார்.

"என்னவாம்?"

"நல்ல மனிசன். நல்ல வரைபடமாம். லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் காணாதாம்."

பொருக்கு விழாத கையைப் பயமில்லாமல் பிடித்தவர்கள், வேறொரு நாட்டில் பத்து வருடம் வேலை செய்த அனுபவத்தை மட்டும் தொட்டால் ஒட்டிவிடும் என்று பயந்தார்கள். புள்ளி போட்டு எங்களை இறக்குமதி செய்தபோது அந்த அனுபவம் உள்ளூர் அனுபவம் இல்லை என்று தெரியாதா? ஒருவரும் வேலை தராமல் அதை எங்கே போய் எடுப்பது, தெருமுனை டெய்ரிக் கடையில் பாலோடும் பாணோடும் சேர்த்து விற்கிறார்களா? இதையெல்லாம் நான் கத்திக் கேட்டது அவரிடம்தான். அவர் கழுத்துப்பட்டியைச் சுருட்டி, பெட்டிக்குள் வைத்து மூடினார். மங்களக்கா அன்றுதான் பூசைப் பிரசாதத்தோடு வீட்டுக்கு வந்தா. வாசலில் நின்று, "எல்லாம் உதிர்ந்திட்டுதோ?" என்று கேட்ட பிறகுதான் சப்பாத்தைக் கழற்றினா.

பனி போய், புக்கெகோஹியில் மறுபடியும் நட்டார்கள். வேலை நாளும் பழையபடி கூடியது. அவர் விடியமுன் எழும்பி, சுவாமிப் படத்துக்கு முன்னால் நின்று திருநீறு பூசிக்கொண்டு காரில் ஏறுகிறார். புருவங்களுக்கு நடுவே இருந்த கொப்பளத்தைக் காய்ச்சலில் சொறிந்துவிட்டார். அந்த இடத்தில் ஒரு குழி விழுந்துவிட்டது. கரட் கழுவுகிற தண்ணீர் தெறித்து மற்றதெல்லாம் அழிந்துபோகும். அந்தக் குழிக்குள் மட்டும் கொஞ்சத் திருநீறு பின்னேரம் வீடு வரும்வரை அப்படியே கிடக்கும். கதவைத் திறக்கும்போது என் கண் முதலில் அங்கேதான் போகும். இந்த நாடு அவருக்குத் தந்த லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் அது ஒன்றுதான்.