சீசரைத் தூக்க ஆள் வேணும்

நாய் டாக்டர்கிட்ட உதவியாளரா இருக்கறவங்களுக்கு நாயைப் பிடிக்கத் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. பில்லைப் பார்த்துத் தள்ளாடற நாய்க்காரரைப் பிடிச்சுக்கறதுதான் மீதி வேலை. நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, மெயின் ரோட்டுல இருக்கற ஒரு கிளினிக்ல நான் ரெண்டையும் பார்க்கறேன். வீட்டுல பெரிய நாயை வெச்சுக்கிட்டு, ஒரு கையில கயிறும் இன்னொரு கையில பர்ஸுமா ரெண்டு பக்கமும் இழுபடற புண்ணியவான்களே, இது உங்களுக்காகத்தான்.

ரெண்டு கான்ட்ராக்ட்டு

சீசர் ஒரு கிரேட் டேன். கன்னுக்குட்டின்னு சொன்னா கன்னுக்குட்டி கோவிச்சுக்கும், அவ்வளவு உயரம். வளர்த்தவர் மைன்ஸ்ல பெரிய ஆபீசர். ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு சென்னை ஃபிளாட்டுக்குக் கிளம்பினார். அங்கே இந்த சைஸ் நாய்க்கு அனுமதி இல்லை. அதனால, லீவு நாள்ல அவர் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கற குமரேசன் அண்ணன்கிட்ட கயிறைக் கொடுத்துட்டார். அண்ணனுக்குச் சொந்த ஊர் சேத்தியாத்தோப்பு பக்கம், மைன்ஸ்ல கான்ட்ராக்ட் வேலை. "ஒரு மாசம் வெச்சுப் பாரு. கட்டுப்படியாகலைன்னா சொல்லு, ஏதாவது பண்ணைக்கு அனுப்பிடறேன்"னு பேச்சு. பண்ணைன்னா வேற என்ன, வேலி ஓரமா சங்கிலியில கட்டிப் போட்டுடுவாங்க.

ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஆபீசர் சீசரைச் செக்கப்புக்குக் கூட்டிக்கிட்டு வந்தார், அண்ணனும் கூட வந்தார். பில்லைப் பார்த்து அண்ணன் முகம் சுருங்கினதை ஆபீசர் கவனிச்சுட்டார். "எங்க வீட்டுல எல்லாருக்கும் கம்பெனி மெடிக்கல் கார்டு இருந்துது, இவன் ஒருத்தனுக்குத்தான் இல்லை"ன்னு சமாளிச்சார். அண்ணன் சீசர் தலையைத் தடவிக்கிட்டே சொன்னார்: "அதுக்கென்ன சார், எனக்கும்தான் இல்ல. நாங்க ரெண்டு பேருமே கான்ட்ராக்ட்டு."

பழைய இரும்புக் கடை

பெரிய நாய்க்குச் செலவே எடையிலதான் இருக்கு. பூச்சி மாத்திரையோ மயக்க ஊசியோ, கிலோவைப் பார்த்துத்தான் மருந்து. கண் மதிப்புல கூடக் கொடுத்தா நாய்க்குக் கெடுதல், கொறைச்சுக் கொடுத்தா மருந்தே தண்டம். எங்க கிளினிக் தராசோ பொமரேனியனை மனசுல வெச்சு வாங்கினது. சீசர் முன்னங்காலை வெச்சதுமே அது அணைஞ்சு போச்சு.

சரின்னு எதிர்ல இருந்த பழைய இரும்புக் கடைக்கு ஊர்வலமா கிளம்பிட்டோம். அங்கே மூட்டை நிறுக்கற பெரிய தராசு இருக்கு. சீசர் ஏறமாட்டேன்னுட்டான். தள்ளிப் பார்த்தேன், அப்படியே என் மேல சாஞ்சுக்கிட்டான். இந்த வகை நாய்க்கு அது பாசம்; போனது என் இடுப்பு. கடைசியில அண்ணன் ஏறி நின்னார். உடனே அவனும் ஏறி அவரை ஒட்டிக்கிட்டு நின்னான். வந்த மொத்தத்துல அண்ணன் எடையைக் கழிச்சோம். கடைக்காரர் எட்டிப் பார்த்துட்டுச் சொன்னார்: "ஆளை விட நாய்தான் ஜாஸ்தி. வூட்டுல சோறு யாருக்குப் போவுதுன்னு தராசே சொல்லுதே."

ஹெல்மெட்டு

எங்க டாக்டரம்மா ஒரு மாதிரி. வெறிநாய்த் தடுப்பூசின்னு யார் வந்தாலும், "அரசு கால்நடை மருந்தகத்துல போட்டுக்கோங்க, இங்க ஏன் செலவு பண்றீங்க"ன்னு அவங்களே திருப்பி அனுப்பிடுவாங்க. என் சம்பளம் எங்கேர்ந்து வருதுன்னு எனக்கே அப்பப்ப சந்தேகம் வரும். ஆனா சீசருக்குக் காதுல சீழ் வெச்சப்போ எங்ககிட்டதான் வர வேண்டியதாச்சு. காதைத் தொடவே விடலை. கடிக்கவெல்லாம் மாட்டான், தலையை ஒரு உதறு உதறினான், நான் மருந்து அலமாரியில போய் விழுந்தேன். மயக்க ஊசின்னா அவன் எடைக்குச் செலவு இழுக்கும்.

ஷிஃப்ட் முடிஞ்சு நேரா வந்திருந்த அண்ணன், "கொஞ்சம் இருங்க"ன்னு மைன்ஸ் ஹெல்மெட்டைக் கழட்டித் தரையில கவுத்து வெச்சார். சீசர் பொத்துனு படுத்து, அது மேல தாடையை வெச்சுக் கண்ணை மூடிட்டான். வீட்டுல தினமும் இதுதானாம். ஹெல்மெட்டு தரைக்கு வந்தா அண்ணன் பத்திரமா வந்துட்டார்னு அவன் கணக்கு. காதைக் கழுவி, துடைச்சு, சொட்டு மருந்து விடற வரைக்கும் ஆடலை, அசையலை. எனக்குச் சந்தோஷம் தாங்கலை. "அண்ணே, இதை இங்கேயே விட்டுட்டுப் போங்க, எல்லா நாய்க்கும் ஆகும்"னேன். "இது இல்லாம போனா கேட்லயே திருப்பி அனுப்பிடுவாங்கம்மா. அப்புறம் நானும் இங்கதான் வந்து படுத்துக்கினு இருக்கணும்."

பெல்ட்டு

மாசம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். சாயங்காலம் அண்ணன்கிட்டேர்ந்து போன்: "வயிறு உப்பிக்கினே போவுதும்மா. வாந்தி எடுக்கப் பாக்குறான், நொரைதான் வருது." பக்கத்துல நின்னு கேட்ட டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்துட்டாங்க. இந்த மாதிரி நாய் வயிறு முட்டத் தின்னுட்டு ஓடினா உள்ள காத்து அடைச்சுக்கும். இரைப்பை முறுக்கிக்கிட்டா ஆபரேஷன்தான். அதுக்குப் புதுச்சேரிக்கு ஓடணும். போற வழியிலயே உயிர் போகலாம். போகலைன்னாலும் அந்தச் செலவு அண்ணனால ஆகாது.

நடந்தது இதுதான். அன்னிக்குத்தான் அண்ணனுக்கு நைட் ஷிஃப்ட்லேர்ந்து முதல் ஷிஃப்ட்டுக்கு மாறுச்சு. நைட் ஷிஃப்ட் வாரத்துல மத்தியானச் சோறு வைக்கறது அவர் பொறுப்பு. முதல் ஷிஃப்ட்னா விடியக்காலையில போய் மத்தியானத்துக்கு மேலதான் வருவார், அதனால அவர் சம்சாரம் அஞ்சலை வைக்கணும். அஞ்சலை ஒழுங்கா வெச்சுட்டு, தட்டையும் கழுவிக் கவுத்துட்டு வேலைக்குப் போயிட்டாங்க. அண்ணன் வந்தார், பழைய வார ஞாபகத்துல மறுபடி ஒரு தட்டு வெச்சார், கையோட கிரவுண்டுல ஓடவும் விட்டார். ஷிஃப்ட் பார்க்கற வீட்டுல மட்டும்தான் இப்படி நடக்கும்.

ஆட்டோக்காரர் சீசரைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தாமலே போயிட்டாராம். பக்கத்து வீடுகள்ல முதல் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்கிக்கிட்டிருந்தவங்க எழுந்து ஓடி வந்திருக்காங்க. துணி துவைக்கற இடத்துல விரிச்சிருந்த பழைய கன்வேயர் பெல்ட் துண்டை உருவி, சீசரை அதுல கெடத்தி, ஆளுக்கொரு மூலையா பிடிச்சுக் குட்டியானை லோடு வண்டியில ஏத்திட்டாங்க. நிலக்கரியைத் தாங்கின பெல்ட்டு சீசரைத் தாங்காதா? அவங்க எங்க வாசல்ல வந்து இறங்கினதை இப்ப நெனச்சாலும் எனக்குப் புல்லரிக்குது.

"வாய் வழியா விடற இந்தக் குழாய் வயித்துக்குள்ள இறங்கிட்டா பொழைச்சான், இல்லைன்னா புதுச்சேரி"ன்னாங்க டாக்டரம்மா. அண்ணன் ஹெல்மெட்டைக் கவுத்து வெச்சார். அந்த நிலைமையிலயும் சீசர் தாடையை அது மேல வெச்சான். நான் அவன் தலையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். குழாய் போச்சு, நின்னுச்சு, மறுபடி போச்சு. அப்புறம் புஸ்ஸுனு கிளம்புச்சு பாருங்க காத்து, கூடவே ஒரு நாத்தம், தூக்கிக்கிட்டு வந்த ஆம்பளைங்க மொத்தப் பேரும் ரோட்டுக்கு ஓடிட்டாங்க. நான் அழுதுக்கிட்டே சிரிச்சேன்.

டாக்டரம்மா அண்ணனைப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினாங்க: "கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு வேளை, தினமும் ஒரே நேரம், தின்னதும் ஓட்டம் கெடையாது." அந்த நேரம் பார்த்து சென்னையிலேர்ந்து ஆபீசர் போன் பண்ணி, பண்ணையில இடம் ரெடின்னார். "வேணாங்க சார், எங்ககிட்டயே இருக்கட்டும்"னு அண்ணன் போனை வெச்சுட்டு டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "நாங்க எந்த ஷிஃப்ட்டுக்கு மாறினாலும் சரிங்க டாக்டர். இவன் மட்டும் இனிமே ஜெனரல் ஷிஃப்ட்டு."

எனக்குத் தெரிஞ்சு நம்ம ஊர்ல கான்ட்ராக்ட்ல சேர்ந்து ஒரே மாசத்துல பெர்மனெண்ட் ஆனவன் சீசர் ஒருத்தன்தான்.